சோப் ஃப்ரேம்வொர்க் எது எடுக்கறது? சிஎக்ஸ்எஃப், ஆக்ஸிஸ்2, மெட்ரோ, ஸ்பிரிங்

சோப்னா ரெண்டு சாஃப்ட்வேர் எக்ஸ்எம்எல்ல மெசேஜ் அனுப்பி பேசிக்கற பழைய முறை. இன்னுமா சோப்னு கேக்கறவங்க பேங்க், இன்சூரன்ஸ், ஏர்லைன்ஸ் ப்ராஜெக்ட் பக்கம் வந்ததில்லைனு அர்த்தம். புதுசா எழுதற சர்வீஸ் எல்லாம் ரெஸ்ட்ங்கற எளிய முறைதான், ஜேசன் ஃபார்மட்தான், அதுல சண்டையே இல்ல, ஆனா எதிர்ப்பக்கம் 2008ல எழுதி வச்ச சர்வீஸ் ஒண்ணு உக்காந்திருக்கும், எழுதினவரு எப்பவோ பேப்பர் போட்டுட்டு போயிருப்பாரு, அத யாரும் தொடமாட்டாங்க, நாமதான் போய் அதுகிட்ட பேசணும். ஜாவால ஓப்பன் சோர்ஸ்ல சிஎக்ஸ்எஃப், ஆக்ஸிஸ்2, மெட்ரோ, ஸ்பிரிங் வெப் சர்வீசஸ், இந்த நாலுல எத எடுக்கலாம்னு ஒரு மீட்டிங் போடுவாங்க, ஒருத்தர் எக்ஸெல்ல டேபிள் போட்டு வரிசையா டிக் அடிச்சு கொண்டு வருவாரு. அந்த டேபிள மூடி வச்சிருங்க. எல்லா கட்டத்துலயும் டிக்தான் இருக்கும். எத எடுக்கணும்னு முடிவு பண்றது நீங்க இல்ல, எதிர்ப்பக்கத்துக்காரன் குடுக்கற டபிள்யூஎஸ்டிஎல் ஃபைல், அதாவது அந்த சர்வீஸ்கிட்ட என்னென்ன கேக்கலாம், எப்படி கேக்கணும்னு எழுதி வச்ச ஃபைல். எங்க டீம்ல அத விஸ்டில்னுதான் சொல்லுவோம், அப்படியே எழுதறேன்.

மொதல்ல அந்த விஸ்டில கையில வாங்குங்க. சாம்பிள் வேணாம், ப்ரொடக்‌ஷன்ல ஓடுறது வேணும். அதுல மெசேஜ் எந்த வடிவத்துல போகணும்னு சொல்ற பைண்டிங் பகுதிய தொறந்து ஸ்டைல் என்ன, யூஸ் என்னனு பாருங்க. டாகுமெண்ட், லிட்டரல்னு இருந்தா நிம்மதி, நாலுல எதுலயும் ஓடும். ஆர்பிசி, என்கோடட்னு இருந்தா அங்கயே நில்லுங்க. அது ரொம்ப பழைய வழக்கம், எல்லா சர்வீஸும் ஒத்துப்போகணும்னு போட்ட விதித்தொகுப்பான டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் அத அப்பவே வேணாம்னு ஒதுக்கிருச்சு, ஜாவாவோட சோப் ஸ்டாண்டர்டான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் அத சப்போர்ட் பண்றதில்ல, அதனால அத வச்சு எழுதின சிஎக்ஸ்எஃப், மெட்ரோ ரெண்டுமே கைய விரிச்சிரும். இந்த எடத்துலதான் யாராவது சீனியர் "ஆக்ஸிஸ் 1.4 போடுப்பா, அது எல்லாத்தையும் தின்னும்"னு சொல்லுவாரு. தின்னும்தான், ஆனா அது ஆக்ஸிஸ்2க்கு முந்தின பழைய ஆக்ஸிஸ், 2006ல வந்த வெர்ஷன். அதுல டீஃபால்ட்டா ஒரு சாம்பிள் சர்வீஸ் வருது, பங்கு விலை கேக்கறது, அது உள்ளயே எழுதி வச்ச ஒரு வெப்சைட்டுக்கு போய் டேட்டா எடுக்கும். அந்த டொமைன் எக்ஸ்பயர் ஆகி கெடந்தது, யாரு வேணா வாங்கி அது வழியா சர்வருக்குள்ள பூந்து கோட் ஓட்டலாம்ங்கற நெலம, செக்யூரிட்டி ஓட்டைங்கள பதியற சிவிஇ லிஸ்ட்ல சிவிஇ-2019-0227னு பதிவே இருக்கு. இத வச்சுக்கிட்டு ஆடிட்ல என்னத்த பதில் சொல்றது? என்கோடட் வந்தா நான் செய்யறது, ஸ்பிரிங் வெப் சர்வீசஸ்ல இருக்கற வெப்சர்வீஸ்டெம்ப்ளேட் எடுத்து எக்ஸ்எம்எல்ல கையால கட்டி அனுப்பறது. அசிங்கமா இருக்கும், ஆனா ஓடும், நாலு ஆபரேஷனுக்கு மேல இருந்தா மட்டும் கை வலிக்கும்.

அடுத்தது விஸ்டில்லருந்து ஜாவா கோட் பண்ணித் தர்ற ஜெனரேட்டர ஓட்டறது. இதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க, இங்கதான் ஒவ்வொண்ணோட கொணமும் தெரியும். ஒரே விஸ்டில சிஎக்ஸ்எஃப்போட டபிள்யூஎஸ்டிஎல்டூஜாவால ஒரு தடவ, மெட்ரோவோட டபிள்யூஎஸ்இம்போர்ட்ல ஒரு தடவ, ஆக்ஸிஸ்2ல ஒரு தடவ ஓட்டுங்க. ஆக்ஸிஸ்2ல டீஃபால்ட்டா ஏடிபினு அவங்களோட சொந்த டேட்டா பைண்டிங் (எக்ஸ்எம்எல்ல ஜாவா க்ளாஸா மாத்தறது), அது மொத்த டைப்பையும் சர்வீஸ கூப்பிடற ஸ்டப் க்ளாஸ் உள்ளயே இன்னர் க்ளாஸா கொட்டிரும். ஒரு இன்சூரன்ஸ் வேலைல அந்த ஒத்த ஃபைல தொறந்ததும் என் ஐடிஇ அப்படியே ஒறஞ்சு போச்சு, டீ குடிச்சிட்டு வந்தும் அப்படியேதான் இருந்துச்சு. அப்பறம்தான் கமாண்ட்ல யூ ஆப்ஷன் குடுத்தா தனித்தனி க்ளாஸா பிரிச்சு தரும்னு கண்டுபுடிச்சோம். சிஎக்ஸ்எஃப், மெட்ரோ ரெண்டும் இதே வேலைக்கு ஜாவா ஸ்டாண்டர்டான ஜாக்ஸ்பி மேல ஓடுறதால கோட் சுத்தமா வரும், ஆனா ஸ்கீமால (எக்ஸ்எம்எல் எப்படி இருக்கணும்னு சொல்ற பகுதி) ஒரே பேரு ரெண்டு எடத்துல இருந்தா ஆப்ஜெக்ட்ஃபேக்டரில மோதுதுனு எர்ரர் அடிக்கும். அதுக்கு பைண்டிங் ஃபைல் தனியா எழுதணும். இன்னொரு தொல்ல, நில்லபிள் (காலியா இருக்கலாம்), மின்அக்கர்ஸ் 0 (இல்லாமயே போகலாம்) ரெண்டும் சேத்து போட்ட ஃபீல்டு எல்லாம் ஜாக்ஸ்பிஎலிமெண்ட்னு ஒரு உறை போட்டுக்கிட்டு வரும், ஒவ்வொண்ணுக்கும் கெட்வேல்யூ எழுதி எழுதி வெறுத்துரும். பைண்டிங் ஃபைல்ல ஜெனரேட்எலிமெண்ட்ப்ராபர்ட்டிய ஃபால்ஸ்னு வச்சா அது போயிரும். ஆனா ஃபீல்டே அனுப்பாம விடறதும் காலினு குறிச்சு அனுப்பறதும் எதிர்ப்பக்கத்துக்கு வேற வேற அர்த்தம்னா வச்சிராதீங்க.

ஸ்பிரிங் வெப் சர்வீசஸ்ல இந்த மாதிரி ஜெனரேட்டரே கெடையாது, ஜாக்ஸ்பியோட எக்ஸ்ஜேசி டூல வச்சு ஸ்கீமாலருந்து க்ளாஸ் மட்டும் பண்ணிக்கணும். அது காண்ட்ராக்ட்-ஃபர்ஸ்ட்ங்கறதுல பிடிவாதமான ஆளு, ஜாவா க்ளாஸ் எழுதி அதுலருந்து விஸ்டில் வரவழைக்கலாம்னு நெனச்சா வழியே இல்ல. ஸ்கீமா எழுதுங்க, விஸ்டில நான் கட்டிக்கறேன்னு சொல்லும். சர்வர் நீங்களே எழுதறீங்கன்னா எனக்கு இந்தப் பிடிவாதம் புடிக்கும், க்ளாஸ்ல ஒரு ஃபீல்டு பேர மாத்தினதுக்கு கிளையண்ட் எல்லாம் ஒடஞ்சு போற கூத்து இதுல நடக்காது.

இந்த நாலும் எங்கருந்து வந்துச்சுனு கொஞ்சம் தெரிஞ்சா அதுங்க நடந்துக்கறது புரியும். சிஎக்ஸ்எஃப் ரெண்டு ப்ராஜெக்ட்ட ஒட்டினது, செல்டிக்ஸ் ஒண்ணு, எக்ஸ்ஃபயர் ஒண்ணு, 2006ல அப்பாச்சிக்கு வந்து சேந்துச்சு. ஆக்ஸிஸ்2க்கு டிசைன் பேசினது 2004ல கொழும்புல கூடின கூட்டத்துல, இலங்கை டெவலப்பர்ஸ் கை அதுல நெறைய, 1.0 வந்தது 2006ல. மெட்ரோ சன் கம்பெனியோடது, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்க்கு ரெஃபரன்ஸ் இம்ப்ளிமெண்டேஷன், இப்ப எக்லிப்ஸ்கிட்ட இருக்கு.

ஜாவா வெர்ஷன் பாக்காம எதையும் முடிவு பண்ணிராதீங்க. ஜாவா 6லருந்து ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜேடிகே உள்ளயே இருந்துச்சு, அதனால நெறைய பேருக்கு நாம மெட்ரோவோட ஒரு பகுதியத்தான் யூஸ் பண்றோம்னே தெரியாது. 2018ல ஜாவா 11 வந்தப்ப அத மொத்தமா தூக்கிட்டாங்க, அப்கிரேட் பண்ணவங்க எல்லாம் க்ளாஸ் காணோம்னு அலறினது அதனாலதான். அதுக்கப்பறம் ஜாவாஎக்ஸ் போய் ஜகார்த்தானு பேக்கேஜ் பேரே மாறிருச்சு. ஸ்பிரிங் பூட் 3, 2022 நவம்பர்ல வந்தது, ஜாவா 17 கேக்கும், ஜகார்த்தா கேக்கும், அதுகூட சிஎக்ஸ்எஃப் 4 போடணும், ஸ்பிரிங் வெப் சர்வீசஸ்னாலும் 4. பழைய ஸ்பிரிங் பூட் 2னா சிஎக்ஸ்எஃப் 3 வரிசை. ரெண்டையும் கலந்தா கம்பைல் ஆகும், ஓடும்போது எங்கயோ விழும். அப்பறம் ஆப் சர்வர்: வைல்ட்ஃபிளை உள்ள ஏற்கனவே சிஎக்ஸ்எஃப் இருக்கு, கிளாஸ்ஃபிஷ்ல மெட்ரோ இருக்கு. உங்க அப்ளிகேஷனோட வார் ஃபைல்ல இன்னொரு காப்பி வச்சா ரெண்டும் அடிச்சிக்கும். வீட்ல இருக்கறதையே யூஸ் பண்ணுங்க.

செக்யூரிட்டிதான் அதிக நேரம் தின்னும். யூசர்நேம் டோக்கன் மட்டும்னா எதுலயும் அர மணி நேர வேல. சைனிங், என்க்ரிப்ஷன், அதுக்கு மேல விஸ்டில்லயே பாலிசி, அதாவது செக்யூரிட்டி விதி, எழுதி வச்சிருந்தா அப்ப வித்தியாசம் பளிச்சுனு தெரியும். சிஎக்ஸ்எஃப் அந்த பாலிசிய தானே படிச்சு எதுக்கு கையெழுத்து போடணும் எத மறைக்கணும்னு புரிஞ்சுக்கும், நீங்க கீஸ்டோரும் பாஸ்வர்டும் குடுத்தா போதும். ஸ்பிரிங் வெப் சர்வீசஸ் அடியில சிஎக்ஸ்எஃப் யூஸ் பண்ற அதே டபிள்யூஎஸ்எஸ்4ஜே செக்யூரிட்டி லைப்ரரியத்தான் வச்சிருக்கு, ஆனா பாலிசிய படிக்காது, ஒவ்வொண்ணா நீங்கதான் எழுதணும், ஆர்டர் மாறினா போச்சு. ஆக்ஸிஸ்2க்கு ராம்பார்ட்னு தனி மாட்யூல், வெர்ஷன் பொருத்தம் பாத்து போடணும். எதிர்ப்பக்கம் மைக்ரோசாஃப்ட்டோட டாட்நெட் டபிள்யூசிஎஃப்னா மெட்ரோவையும் ட்ரை பண்ணிப் பாருங்க, டபிள்யூஎஸ்ஐடினு அதுல ஒரு பகுதி அதுகூட ஒத்துப்போகணும்னே எழுதினது.

ஒண்ணு சொல்லிட்டு போறேன், டபிள்யூஎஸ்எஸ்4ஜேல டைம்ஸ்டாம்புக்கு டீஃபால்ட் ஆயுள் 300 செகண்ட், எதிர்காலத்துல இருந்து வர்ற மெசேஜுக்கு 60 செகண்ட் வரைக்கும்தான் பொறுத்துக்கும். இது தெரியாம, மெசேஜ் ஏன் ரிஜெக்ட் ஆகுதுனு ரெண்டு நாள் சர்டிஃபிகேட்ட மாத்தி மாத்தி போட்டு பாத்தோம், கடைசில டெஸ்ட் சர்வர் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னால ஓடுது. மணிய தானா சரிபண்ற என்டிபி செட் பண்ணதும் சரியாயிருச்சு. மொதல்ல மணிய பாருங்க சாமி.

லோடுல என்ன ஆகும்னு பாக்க சோப்யூஐங்கற டெஸ்ட் டூல்ல ஒரு மாக் (போலி) சர்வீஸ் வச்சு, பதில வேணும்னே லேட்டா அனுப்ப விடுங்க. சிஎக்ஸ்எஃப்ல கனெக்‌ஷனுக்கு 30 செகண்ட், பதிலுக்கு 60 செகண்ட்னு டீஃபால்ட் டைம்அவுட் இருக்கு. மெட்ரோல டைம்அவுட்டே கெடையாது, எதிர்ப்பக்கம் தூங்கினா உங்க த்ரெட்டும் கூடவே தூங்கும், நீங்கதான் செட் பண்ணணும். கிளையண்ட ஒவ்வொரு ரெக்வஸ்ட்டுக்கும் புதுசா உருவாக்கற கோட எங்க பாத்தாலும் அடிங்க, ஒவ்வொரு தடவையும் விஸ்டில மறுபடி படிக்கும், ஃப்ரேம்வொர்க் ஸ்லோனு திட்டறதுல பாதி இதுதான்.

உயிரோட இருக்கானு பாக்க ரிலீஸ் தேதிய பாருங்க. ஆக்ஸிஸ்2ல 1.7.9 வந்தது 2018, அடுத்தது 1.8.0 வந்தது 2021. நடுவுல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சிருந்தா உங்க மேனேஜருக்கு என்ன சொல்லுவீங்கனு யோசிங்க. லைசன்ஸ்ல பெரிய தலவலி இல்ல, சிஎக்ஸ்எஃப், ஆக்ஸிஸ்2, ஸ்பிரிங் மூணுமே அப்பாச்சி 2.0. ரெஸ்ட்டும் கூடவே வேணும்னா சிஎக்ஸ்எஃப்லயே ஜாவாவோட ரெஸ்ட் ஸ்டாண்டர்டான ஜாக்ஸ்-ஆர்எஸ் இருக்கு, தனியா ஜெர்சி, ரெஸ்ட்ஈசினு போக வேண்டியதில்ல.

நான் வழக்கமா சிஎக்ஸ்எஃப்ல ஆரம்பிப்பேன், ஏற்கனவே ஸ்பிரிங்ல இருக்கற டீம், சின்ன சர்வீஸ், பாலிசி இல்லனா ஸ்பிரிங் வெப் சர்வீசஸ். ஆக்ஸிஸ்2 ஏற்கனவே ஓடிக்கிட்டு இருந்தா தொடமாட்டேன், புதுசா போடமாட்டேன். எத எடுத்தாலும் ஜெனரேட் ஆன க்ளாஸ உங்க பிசினஸ் கோட்ல இம்போர்ட் பண்ண விடாதீங்க, நடுவுல உங்களோட சின்ன இன்டர்ஃபேஸ் ஒண்ணு வச்சு அது பின்னாடி எல்லாத்தையும் மறைச்சிருங்க. ஜாவாஎக்ஸ்லருந்து ஜகார்த்தாக்கு மாறினப்ப அப்படி மறைச்சு வச்ச ப்ராஜெக்ட்ல எங்களுக்கு ஒரு வாரத்துல வேல முடிஞ்சது, மறைக்காத இன்னொண்ணு இன்னும் ஜாவா 8லதான் ஓடிக்கிட்டு இருக்கு.