தாஹித்தி மொழி: உடம்படுமெய் நுழையக் கூடாத இடம்

பசிபிக் தீவான தாஹித்தியின் மொழியைப் படிக்கத் தொடங்கும் தமிழருக்கு இரண்டு வசதிகள் முன்பே கையில் இருக்கின்றன. அங்கும் குறில், நெடில் உண்டு. நாம், நாங்கள் என்ற பிரிவும் உண்டு (தாதொஉ, மாதொஉ). அவற்றில் யாரும் அதிகம் இடறுவதில்லை. இடறுவது வேறு இடங்களில், அதுவும் எல்லோரும் அதே இடங்களில்.

தொண்டை அடைப்பை விழுங்குவது

தாஹித்தியில் மெய்கள் ஒன்பதே. அதில் ஒன்று ’எதா. மூட்டை தூக்க மூச்சைப் பிடிக்கும்போது தொண்டை மூடுமே, அந்த ஒலி. இங்கே மேற்கோள் குறியால் காட்டியிருக்கிறோம். நம் காதுக்கு அது மெய்யாகவே படுவதில்லை. இரண்டு உயிர் அடுத்தடுத்து வந்ததும் நாக்கு யகரத்தையோ வகரத்தையோ செருகிவிடும். இ’அ (மீன்) ‘இய’ ஆகிவிடும். யகரம் அந்த மொழியில் இல்லாததால் அந்நிய உச்சரிப்பு என்று விட்டுவிடுவார்கள். வகரம் அப்படியல்ல. அ’அ என்றால் வேர். நடுவே வகரம் புகுந்தால் அவ: பவளத்திட்டில் படகு நுழையும் வழி. அதன் முன் அடைப்பு சேர்ந்தால் ’அவ: கவா என்ற வேர்ப் பானம். ’ஆவஎ கால், ’ஆவ’எ நிலா.

குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நோட்டில் ஐந்நூறு சொற்களை எழுதிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் அகராதியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதுதான். முதல் சொல்லிலேயே குறி போடுங்கள். 1838இல் அச்சான விவிலியத்தில் இந்தக் குறி இல்லை. அதை வைத்து உச்சரிப்புப் பழகாதீர்கள்.

மத (கண்)

நடுவிலுள்ள தகரத்தை ‘மதம்’ போல மென்மையாக அல்ல, ‘மத்த’ போல வன்மையாக, ஆனால் இரட்டிக்காமல்.

மாவோரியிலிருந்து ஊகிப்பது

மாவோரி நியூசிலாந்தின் பழங்குடி மொழி, தாஹித்திக்கு உறவு. அதில் க், ங் வரும் இடங்கள் இரண்டிலுமே தாஹித்தியில் அடைப்பு வரும்: அங்கே இக (மீன்), இங்கே இ’அ; அங்கே ரஙி (வானம்), இங்கே ர’இ. ஆகவே மாவோரியிலிருந்து தாஹித்திக்கு ஓரளவு ஊகிக்கலாம். எதிர்த்திசையில் முடியாது, அடைப்பின் பின்னால் எந்த மெய் இருந்தது என்று சொல்லைப் பார்த்துத் தெரியாது.

தா, தோ

‘என்’ என்பதற்கு இரண்டு சொற்கள். உணவு, பிள்ளை, மனைவிக்குத் தா’உ; வீடு, படகு, பெற்றோர், உடலுறுப்புக்குத் தோ’உ. தா’உ ஹோஹொ’அ நான் எடுத்த படம். தோ’உ ஹோஹொ’அ என்னை எடுத்த படம்.

மரியாதைப் பன்மை

கிடையாது. பெரியவருக்கும் ’ஒஎ (நீ). ’ஓருஅ என்றால் சரியாக ‘நீங்கள் இருவர்’.

தண்ணீருக்கு ‘வை’

பபெ என்று கேளுங்கள். தலைவர் பெயரிலுள்ள அசையைப் பேச்சில் விலக்கும் பி’இ வழக்கத்தால் பழைய சொல்லான வை ஒதுங்கியது. இப்போது ஊர்ப்பெயர்களில் தங்கியிருக்கிறது.