ஹானர்ஸ் இங்கிலீஷ் வகுப்பில் மதிப்பெண் எங்கே போகிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே வீட்டுக்கு வந்துவிடும். கணக்குக்கு எந்த வகுப்பு என்று நம் வீடுகளில் பல நாள் பேச்சு நடக்கும். ஆங்கிலம் என்றால், "நல்லாதான் பேசுறா, புத்தகமும் படிக்கிறா, ஹானர்ஸே எடுக்கட்டும்" என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஹானர்ஸ் என்பது சாதாரண வகுப்பைவிடக் கடினமான வகுப்பு. செப்டம்பரில் முதல் கட்டுரை பி மைனஸோடு திரும்பி வரும்போதுதான் குழப்பம். இலக்கணப் பிழை இல்லை, கதையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், அப்புறம் ஏன்?

கதை தெரியுமா என்று இந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லை, அதனால்தான். கதை தெரியும் என்பதை ஆசிரியர் முதலிலேயே எடுத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்தில் நீ எதைக் கவனித்தாய், அதை வைத்து என்ன வாதிடுகிறாய் என்பதுதான் கேள்வி. 'கதாபாத்திரத்தின் பண்புநலன்களை விளக்குக' என்ற கேள்விக்கு உரைநூலைப் பார்த்துப் பதில் எழுதி வளர்ந்த நமக்கு இது புரிய நேரம் பிடிக்கிறது. பிள்ளைக்கும் வீட்டில் அந்தப் பழைய யோசனைதான் கிடைக்கிறது.

முதல் தவறு படிவத்திலேயே நடக்கிறது. ஜி.பி.ஏ.வுக்காக (எல்லா வகுப்பு மதிப்பெண்களின் சராசரி) மட்டும் ஹானர்ஸ் எடுப்பது. பல பள்ளி மாவட்டங்களில் ஹானர்ஸுக்கு அரைப் புள்ளி, ஏ.பி.க்கு (கல்லூரி அளவிலான பாடம்) ஒரு புள்ளி கூடும். ஆனால் இது ஊருக்கு ஊர் மாறும், கல்லூரிகளும் தங்கள் வழியில் திரும்பக் கணக்கிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜி.பி.ஏ. கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சேர்ப்பதே இல்லை. ஹானர்ஸ் என்று பெயர் இருந்தாலும், அந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் வகுப்பு இல்லை என்றால் கூடுதல் புள்ளியும் கிடையாது. வாசிக்கப் பிடிக்காத பிள்ளையை இந்த அரைப் புள்ளிக்காக உள்ளே தள்ளுவது, என் கருத்தில், வருடம் முழுக்க வீட்டில் சண்டையை வரவழைத்துக்கொள்வது.

கோடை விடுமுறையில் படித்து வரச் சொல்லும் புத்தகத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது அடுத்தது. டெக்சாஸ், ஜார்ஜியா பக்கம் பள்ளி ஆகஸ்ட் முதல் பாதியிலேயே திறந்துவிடும். ஊருக்குப் போய்விட்டு ஜெட் லேக்கோடு வந்து இறங்கும் பிள்ளை இரண்டு நாளில் ஒரு நாவலை முடிக்க முடியாது. பல வகுப்புகளில் முதல் வாரமே அதிலிருந்து ஒரு தேர்வோ வகுப்பிலேயே எழுதும் கட்டுரையோ இருக்கும். புத்தகத்தைக் கைப்பையில் போட்டு விமானத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

அவசரத்தில் பிள்ளைகள் ஓடுவது ஸ்பார்க்நோட்ஸ், லிட்சார்ட்ஸ் போன்ற கதைச் சுருக்கத் தளங்களுக்கு. படித்த பிறகு பார்த்தால் அவை உதவும்; ஷேக்ஸ்பியருக்கு நிச்சயம் உதவும். படிப்பதற்குப் பதிலாகப் பார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தளங்களை ஆசிரியரும் படித்திருக்கிறார். சுருக்கத்தில் வராத சின்ன விவரங்களாகப் பார்த்துத்தான் பலர் வினாடி வினா தயாரிக்கிறார்கள்.

அப்புறம் குறிப்பெடுத்தல், அதாவது அனோடேஷன். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் பூசிவிட்டு முடித்துவிட்டேன் என்பார்கள். அது குறிப்பல்ல, வர்ணம். ஓரத்தில் பிள்ளையின் சொந்தக் கேள்வியோ சந்தேகமோ இரண்டு வார்த்தையாவது இருக்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்றால் ஒட்டும் தாள் போதும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் அடிக்கடி வரும் ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) நாவலை எடுத்துக்கொள்வோம். பண்ணையில் வேலை செய்யும் கேண்டி என்ற கிழவனின் வயதான நாயைச் சுட கார்ல்சன் வெளியே இழுத்துப் போகிறான். உள்ளே எல்லோரும் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஜார்ஜ் சீட்டுக் கலைக்கிறான். தரைக்கு அடியில் ஏதோ கொறிக்கும் சத்தம். அறையின் அமைதி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சத்தம் கேட்டதும் கேண்டி மெல்லச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். 'நாய் செத்தது, பாவம்' என்று ஓரத்தில் எழுதினால் அது கதைச் சுருக்கம். 'சுடுவதை நமக்குக் காட்டவில்லை, காத்திருப்பதைத்தான் காட்டுகிறார், ஏன்?' என்று எழுதினால், கட்டுரையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

பெரும்பாலான மதிப்பெண் போவது தீசிஸில், அதாவது கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் வாக்கியத்தில்தான். 'இந்த நாவல் நட்பின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது' என்று எழுதுகிறார்கள். யார் இதை மறுக்கப் போகிறார்கள்? மறுக்க முடியாத வாக்கியத்தில் வாதம் இல்லை. அதோடு, இதே வாக்கியத்தை வேறு நூறு நாவல்களுக்கும் எழுதலாம். அதே பிள்ளை கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், நாயைக் கொன்ற கார்ல்சனின் துப்பாக்கியால்தான் கடைசியில் ஜார்ஜ் தன் நண்பன் லெனியைச் சுடுகிறான் என்பது தெரியும். இரண்டு முறையும் குறி பின்னந்தலைதான். என் நாயை நானே சுட்டிருக்க வேண்டும் என்று கேண்டி நடுவில் ஜார்ஜிடம் சொல்லியும் இருக்கிறான். இப்போது எழுதலாம்: 'இரண்டு சாவுகளையும் ஒரே துப்பாக்கியால் இணைத்து, பயன்படாதவருக்கு இந்தப் பண்ணையில் இடமில்லை என்று ஸ்டைன்பெக் காட்டுகிறார், அதனாலேயே ஜார்ஜ் செய்வதை வெறும் கருணை என்று சொல்லிவிட முடியவில்லை.' இதை இன்னொரு மாணவர் மறுக்கலாம். அப்படி மறுக்க இடம் இருப்பதுதான் நல்ல அடையாளம்.

தீசிஸ் சரியாக அமைந்தபின் வரும் தவறு, மேற்கோள்களைக் கொட்டுவது. மேற்கோளைப் போட்டுவிட்டு 'இதிலிருந்து ஜார்ஜின் சோகம் தெரிகிறது' என்று நகர்ந்துவிடுவார்கள். மேற்கோள் அரை வரி போதும். அதன் எந்தச் சொல், எந்த வரிசை அப்படி நினைக்க வைக்கிறது என்ற விளக்கம் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பலர் எழுதும் ஏ.பி. இலக்கியத் தேர்வைப் பாருங்கள்: ஒரு கட்டுரைக்கு 6 புள்ளி. தீசிஸுக்கு 1, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து 4, ஆழமான பார்வைக்கு 1. ஒன்பதாம் வகுப்பு ஹானர்ஸ் ஆசிரியர் எதைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பது இதில் விளங்கும்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.எல்.ஏ. முறை (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, மேற்கோளையும் பக்க அமைப்பையும் எழுதும் விதிமுறை), இரட்டை வரி இடைவெளி, நாவலுக்குப் பக்க எண், நாடகத்துக்கு அங்கம், காட்சி, வரி எண்கள். கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் புள்ளி இழப்பது வீண்.

வகுப்புக் கலந்துரையாடலுக்கும் மதிப்பெண் உண்டு. சாக்ரடிக் செமினார் என்று வட்டமாக உட்கார வைப்பார்கள். ஆசிரியர் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால் மட்டும் பேசு என்று வளர்ந்த பிள்ளை இங்கே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நீளமாகப் பேச வேண்டும் என்பதில்லை. பக்க எண்ணோடு இரண்டு இடங்களையும், பிறர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் எழுதி எடுத்துப் போனால் போதும். முதல் பத்து நிமிடத்தில் ஒரு முறை பேசிவிட்டால் பயம் தெளிந்துவிடும்.

இனி நம் தவறுகள். கட்டுரையை அப்பாவோ அம்மாவோ 'கொஞ்சம் சரிபண்ணுவது' வாக்கியத்தை மாற்றி எழுதுவதில் போய் முடிகிறது. சாட்ஜிபிடியிடம் கேட்பதும் அதே கதைதான். கூகுள் டாக்ஸில் எப்போது எது எழுதப்பட்டது என்ற வரலாறு இருக்கிறது. மூன்று பத்தி ஒரே நொடியில் ஒட்டப்பட்டிருந்தால் அதுவும் அதில் தெரியும். வகுப்பில் கையால் எழுதிய கட்டுரையும் வீட்டிலிருந்து வந்ததும் இரண்டு ஆட்கள் எழுதியதுபோல இருந்தால், அதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், புரியாத இடத்தில் "ஏன் அப்படிச் சொல்ற?" என்று மட்டும் கேளுங்கள். திருத்துவது அவள் கையாலேயே நடக்கட்டும்.

பி வந்தவுடன் ஆசிரியருக்கு நாம் மின்னஞ்சல் அனுப்புவதும் வேண்டாம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஓரக் குறிப்புகளைப் படிக்காமல் மூடிவிடும் பிள்ளைகள்தான் அதிகம். அந்தக் குறிப்போடு பிள்ளையே ஆசிரியரிடம் போய், "இந்தப் பத்தியை எப்படி மாற்றி எழுதலாம்?" என்று கேட்கட்டும். திருத்தி எழுதிக் கொடுக்க அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பல கல்லூரிகள் பரிந்துரைக் கடிதத்தைப் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடமிருந்து எதிர்பார்ப்பதால், இந்தப் பழக்கம் முன்பே வந்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு முடியவில்லை என்றால், சாதாரண வகுப்புக்கு மாற ஒரு கடைசி நாள் இருக்கும். பல பள்ளிகளில் அது முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும், தாண்டினால் அந்த மதிப்பெண் பதிவேட்டில் நிற்கலாம். அந்தத் தேதியைப் பள்ளி ஆலோசகரிடம் முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.