கறவை மாட்டுக்கு பைபாஸ் கொழுப்பு கொடுப்பது எப்படி? (நான் எண்ணெய் ஊற்றிக் கெடுத்த கதையோடு)

போன ஈத்தில் எங்கள் ஜெர்சி கலப்பு, கன்று போட்ட மூன்றாவது வாரமே 12 லிட்டர் கறந்தது. ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்துவிட்டது. கன்று போட்ட புதிதில் பால் ஏறும் வேகத்துக்கு மாடு தீனி எடுக்காது, உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும். அதை ஈடுகட்டலாம் என்று தினம் கால் லிட்டர் கடலை எண்ணெயைத் தவிட்டில் ஊற்றினேன். நாலாம் நாள் சாணி கூழாகப் போனது. பால் சொசைட்டியில் 4.1 சதவீதம் காட்டிய பால் கொழுப்பு 3.3க்கு இறங்கியது, பால் பணமும் கூடவே இறங்கியது.

வைக்கோலைச் செரிக்க வைப்பது முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள். பச்சை எண்ணெய் அவற்றை முடக்கிவிடும், நார் செரிக்காது. பைபாஸ் கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களைச் சுண்ணாம்புச் சத்தோடு சேர்த்துக் கட்டிய தூள். முதல் வயிற்றில் பெரிதாகக் கரையாமல் கடந்து, நாலாவது வயிற்றின் அமிலத்தில்தான் பிரியும்.

1. மாட்டைத் தேர்ந்தெடுங்கள். 4 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது வீண் செலவு. 10 லிட்டருக்கு மேல் கறப்பதற்கு, கன்று போட்டதிலிருந்து 90 நாள் வரை கொடுங்கள்.

2. கணக்கு: லிட்டருக்கு 15 கிராம். 12 லிட்டர் என்றால் 180 கிராம். கையால் அள்ளாதீர்கள், என் கைப்பிடியும் வீட்டம்மா கைப்பிடியும் ஒன்றல்ல. சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்து, எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் கோடு கிழித்துக்கொண்டேன்.

3. கலப்பது. நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். எங்கள் பக்கம் எதையும் கழனித் தண்ணீரில் போட்டுத்தான் பழக்கம். தூளை அதில் கொட்டினேன், கரையவே இல்லை. மேலே மிதந்து தொட்டி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, சோப்பு வாடை அப்படி. போதாக்குறைக்குப் புளித்த கழனியும் அமிலம்தான். வயிற்றில் பிரிய வேண்டியது தொட்டியிலேயே பிரியக்கூடும்.

அதனால் தண்ணீரில் வேண்டாம். தவிடு, புண்ணாக்கில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, அதில் தூளைத் தூவிக் கிளறுங்கள். முதல் மூன்று நாள் 25 கிராம்தான், கூடவே ஒரு துண்டு கருப்பட்டியை நுணுக்கிப் போடலாம். மூன்று நாளுக்கு ஒரு தடவை 25 கிராம் கூட்டுங்கள். முழு அளவுக்கு வர மூன்று வாரம் ஆகும், அவசரப்பட்டால் தீனியையே விட்டுவிடும். அளவு கூடியதும் காலை, மாலை எனப் பாதியாகப் பிரித்துவிடுங்கள்.

4. தாது உப்புக் கலவையை நிறுத்தாதீர்கள், தினம் 50 கிராம். புண்ணாக்கையும் குறைக்காதீர்கள், இந்தத் தூளில் புரதம் கிடையாது.

வாங்கும்போது மூட்டையில் கால்சியம் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் உப்பு வகையில் சாதாரணமாக 7 முதல் 9 சதவீதம் இருக்கும். பெயர் மட்டும் பெரிதாக அச்சடித்து அளவே போடாத மூட்டையை நான் தொடுவதில்லை. வெயில் படாமல் கட்டி வையுங்கள். சிக்கு வாடை வந்தால் மாடு சீண்டாது.

பின்சேர்க்கை: மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் சாணி இளகுவதாக எழுதியிருந்தார். கேட்டால், தினம் 2 கிலோ பருத்திக்கொட்டையும் ஊற வைத்துக் கொடுக்கிறார்! மதுரையில் நாம் தெருவில் நின்று பருத்திப்பால் குடிப்பது அந்தக் கொட்டையில்தான். கிலோவுக்கு 200 கிராம் வரை எண்ணெய் இருக்கும். மாடு தின்னும் மொத்த உலர் தீனியில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 கிலோ உலர் தீனிக்கு 720 கிராம்தான் வருகிறது, அதில் பாதி சாதாரணத் தீனியிலேயே போய்விடும். கொட்டையை அரைக் கிலோவாக்கச் சொன்னேன். ஒரு வாரத்தில் சாணி கெட்டிப்பட்டுவிட்டதாம்.