எண்டோமெட்ரியோசிஸ்: நாலு டாக்டரையும் ஒரே ஃபைலுக்குள் கொண்டுவருவது எப்படி

கோத்தகிரியில் இருந்துகொண்டு எண்டோமெட்ரியோசிஸுக்கு வைத்தியம் பார்ப்பதில் பாதி வேலை பஸ் ஏறுவதுதான். எனக்கு மூன்று வருஷம் அப்படித்தான் போனது. ஓர் இடத்தில் வலி மாத்திரை எழுதினார்கள், இன்னோர் இடத்தில் அதே வகை மாத்திரையை வேறு பெயரில் எழுதினார்கள், இரண்டையும் சேர்த்து விழுங்கி வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியிலும் வளர்வதுதான் இந்த நோய். அதனால்தான் ஒரே டாக்டரால் முடிவதில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நீங்கள் தனி ஆள் இல்லை.

முதலில் ஒரு தலைமை டாக்டரைப் பிடியுங்கள். லேப்பராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா வைத்துச் செய்யும் ஆபரேஷன்) செய்து பழகிய மகளிர் மருத்துவராக இருக்க வேண்டும், மலையில் கிடைக்காவிட்டால் கோவைதான். அவரிடம் ஒரே கேள்வி: "குடலிலும் இருந்தால் யாரோடு சேர்ந்து ஆபரேஷன் செய்வீர்கள்?" கூட நிற்கும் குடல் சர்ஜனின் பெயர் உடனே வந்தால் சரி. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்றால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

அப்புறம் ஃபைல். மேலே ஒரே ஒரு பக்கம்: எப்போது தொடங்கியது, இதுவரை நடந்த சிகிச்சை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையும் அளவோடு. அதன் கீழே மூன்று மாத வலிக் குறிப்பு, பத்துக்கு எத்தனை, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், மலம் கழிக்கும்போதா, சிறுநீர் போகும்போதா, உறவின்போதா என்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன், எழுதிக் காட்டிய பிறகுதான் குடல் பக்கம் பார்க்கவே ஆரம்பித்தார்கள்.

ஸ்கேன் நார்மல் என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி வரும் சாக்லேட் கட்டி எளிதில் தெரியும், குடலோரம் ஆழமாக ஒட்டியிருப்பது சாதாரண ஸ்கேனில் தப்பிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், குடலையும் பார்க்கவும் என்று டாக்டரையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுத்தால் ரிப்போர்ட்டோடு சிடியையும் வாங்குங்கள், சர்ஜனுக்குப் படம்தான் வேண்டும்.

டாக்டர்கள் சொல்வது ஒன்றோடொன்று மோதும் இடம் குழந்தை விஷயம். டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை வலியைக் குறைக்கும், ஆனால் சாப்பிடும் காலத்தில் பெரும்பாலும் கரு உண்டாகாது. சினைப்பைக் கட்டியை எடுத்தால் முட்டை இருப்பு குறையலாம், எனவே ஆபரேஷனுக்கு முன்பே, அந்த இருப்பைக் கணிக்கும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குழந்தைப்பேறு மருத்துவரும் தலைமை டாக்டரும் நேரடியாகப் பேசிவிட்டால் உங்களுக்கு அலைச்சல் மிச்சம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று அத்தைமார் சொல்வது வைத்தியமில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே இறங்க வேண்டாம். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து மாத்திரை, பிரஷர் எல்லாம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே முடியும். இரும்பு மாத்திரையோடு மட்டும் தேநீர் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் (நம் ஊரில் இதுதான் கஷ்டமான பத்தியம்). இடுப்புத்தள தசைக்கான பிசியோதெரபியை ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம், ஆனால் யூடியூபைப் பார்த்துத் தசையை இறுக்கும் பயிற்சியில் இறங்காதீர்கள், ஏற்கெனவே இறுகிய தசைக்கு அது வலியைக் கூட்டும். மனசு தாங்காத ராத்திரிகளுக்கு அரசின் மனநல ஆலோசனை போன் சேவை டெலி-மானஸ், 14416, இலவசம்.

கோவை அப்பாயின்ட்மென்ட்களை ஒரே நாளில் அடுக்குங்கள். மே சீசன் கூட்டத்தையும், ஐப்பசி மழையில் மண் சரியும் நாட்களையும் தவிர்க்க முடிந்தால் நல்லது. ஆனால் திடீரென்று தாங்க முடியாத வலியோ, காய்ச்சலோ, மயக்கமோ வந்தால் தேதி பார்க்காமல் 108.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று சேர்வதற்கு முன்பே கவுன்டரில் கேளுங்கள். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, எங்கெங்கே இருந்தது, எதை எடுத்தார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பும் வேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட் சில நாள் கழித்துத்தான் வரும், அதற்காக இன்னொருமுறை மலை இறங்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.