ஃபோம் டார்ட் துவக்கை மாற்றிக் கட்டுவது: முதலில் காற்று, பிறகுதான் ஸ்பிரிங்

நல்லூர்த் திருவிழாக் கடையில் வாங்கிய சைனாச் சாமானோ, லீவுக்கு வந்த சித்தப்பா கனடாவிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்த நேர்ஃப் கம்பனிச் சாமானோ, ஃபோம் டார்ட் சுடும் விளையாட்டுத் துவக்கு எதுவாக இருந்தாலும் ரெண்டு கிழமையில் ஒரே முறைப்பாடுதான்: டார்ட் முற்றத்தின் பாதியில் விழுகிறது. உடனே எல்லாரும் சொல்லுவது "ஸ்பிரிங்கை மாத்து" என்று. அது கடைசியாகச் செய்யிற வேலை. காற்று கசியும் துவக்கில் பெரிய ஸ்பிரிங் போட்டால் சத்தமும் உடைவும்தான் கூடும்.

உள்ளே நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சிலிண்டர், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் பிளஞ்சர், பிளஞ்சரின் தலையில் ஒரு ரப்பர் ஓ ரிங், பின்னால் ஸ்பிரிங். இழுத்து விட்டால் ஒரு பிளாஸ்ரிக் கொளுவி பிளஞ்சரைப் பிடித்து வைத்திருக்கும், ட்ரிகரை அமத்தினால் கொளுவி விடும், பிளஞ்சர் முன்னுக்குப் பாயும், அதற்கு முன்னால் இருக்கும் காற்று அமுங்கி டார்ட்டைத் தள்ளும். ஆக டார்ட்டைத் தள்ளுவது காற்று. அந்தக் காற்று தப்பி ஓட மூன்று வழி இருக்கிறது: ஓ ரிங்கைச் சுற்றி, சிலிண்டரும் பரலும் (டார்ட் வெளியே போகும் குழாய்) சேரும் மூட்டு, பரலுக்கும் டார்ட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. இந்த மூன்றையும் அடைத்தாலே பழைய ஸ்பிரிங்கோடு நல்ல வித்தியாசம் தெரியும்.

முதல் வேலைக்கு ஒரு வெடி மட்டும் வைக்கும் சின்னத் துவக்கை எடுங்கள். நேர்ஃபின் ஜோல்ட், நைட் ஃபைண்டர் போன்றவை, அல்லது அவற்றைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான்கள். சுத்துகிற உருளை வைத்ததும், மோட்டர் வைத்ததும் பிறகு பார்க்கலாம். மலிவுச் சாமானில் ஒரு தொல்லை, சிலதின் ரெண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கும், ஸ்குறூ கழற்றினாலும் திறக்காது. வாங்கும்போதே தையலை விரலால் தடவிப் பாருங்கள்.

திறக்கும்போது அவசரம் வேண்டாம். ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இருக்கக்கூடாது, டார்ட் உள்ளே இருக்கக்கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஸ்குறூத் தலை தெரியும் பக்கத்தை மேலே வைத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஸ்ரிக்கருக்குக் கீழேயும் ஒன்று ரெண்டு ஒளிந்திருக்கும். நிலத்தில் இருந்து, மடியில் சாரத்தை அகல விரித்துக்கொண்டு மேல் ஓட்டைத் தூக்கினால், துள்ளுகிற சின்ன ஸ்பிரிங்குகள் அதற்குள்ளேயே விழும். சீமெந்துத் தரையில் விழுந்தால் அலுமாரிக்குக் கீழேதான் தேட வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் போனில் ரெண்டு மூன்று படம் எடுங்கள், குறிப்பாகக் கொளுவியும் ட்ரிகரும் சேரும் இடத்தை. ஸ்குறூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஆனபடியால் ஒரு மட்டையில் துவக்கின் வடிவத்தைக் கீறி, எந்த ஓட்டையில் இருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

இனி ஓ ரிங். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, பிளஞ்சரைச் சிலிண்டருக்குள் விட்டு, முன் துவாரத்தைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு கையால் தள்ளிப் பாருங்கள். நல்லதென்றால் காற்று அமுங்கி, கையை விட்டதும் பிளஞ்சர் பின்னுக்கு வரும். புஸ் என்று உள்ளே போனால் கசிவு. சைக்கிள் பம்பில் தோல் வாசர் காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தாலும் ரயருக்குக் காற்று ஏறாது அல்லவா, இங்கேயும் அதே கதைதான். சும்மா ரிங்கை மாற்ற ஓடாமல், முதலில் அதைக் கழற்றி, அது இருந்த பள்ளத்தில் குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை ரேப்பை ரெண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மேலே ரிங்கைத் திரும்பப் போடுங்கள். ரிங் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். திரும்பச் சோதியுங்கள், போதாவிட்டால் இன்னொரு சுற்று. இறுக்கம் கூடி, பிளஞ்சரை நகர்த்தவே கை நோகுதென்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள், காற்றை மிச்சம் பிடித்து உரசலில் தொலைப்பதில் பிரயோசனம் இல்லை. ரிங் வெடித்துப் போயிருந்தால், தண்ணி மோட்டர் திருத்தும் கடைகளில் எல்லா அளவிலும் இருக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மசகுக்கு சிலிக்கோன் கிறீஸ் மட்டும். வாசலின், என்ஜின் ஒயில், தேங்காயெண்ணெய் எல்லாம் வேண்டாம். பெற்றோலியச் சாமான் சில ரப்பரை ஊத வைக்கும், பிளாஸ்ரிக்குக்கும் கூடாது, தேங்காயெண்ணெய் கொஞ்ச நாளில் பிசுபிசுத்து எங்கள் ஊர் மண் தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு மெல்லிய படலம் போதும், அள்ளிப் பூச வேண்டாம்.

பரலில்தான் எனக்கு அதிக விருப்பம், ஏனென்றால் மாற்றம் இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். சாதாரண டார்ட் 72 மில்லிமீற்றர் நீளம், கிட்டத்தட்ட 13 மில்லிமீற்றர் விட்டம், எடை ஒரு கிராம் அளவு. கடையில் வந்த துவக்கில் டார்ட் தொளதொளவென்று இருக்கும், எந்தப் பிள்ளையும் எந்த டார்ட்டையும் போட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நமக்கு இறுக்கமான குழாய் வேண்டும். அரை அங்குலத் தண்ணிப் பைப் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், அதற்குள் டார்ட் ஆடும், உதவாது. உள்விட்டம் 13 மில்லிமீற்றரை ஒட்டிய அலுமினியக் குழாயோ சுவர் தடித்த பிளாஸ்ரிக் குழாயோ தேடுங்கள். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கத்து ஹாட்வெயார்கள், ஜன்னல் செய்யும் அலுமினியக் கடைகள், இங்கெல்லாம் வெட்டுத் துண்டு கேட்டால் கிடைக்கும். அளவுகோலை நம்பாமல் டார்ட்டைப் பொக்கற்றில் கொண்டுபோங்கள். குழாய்க்குள் டார்ட்டை விட்டு நிமிர்த்திப் பிடித்தால் அது தானாக வழுக்கி விழக்கூடாது, வாயால் ஒரு ஊது ஊதினால் வெளியே போக வேண்டும். ஊத மட்டும்தான், மறந்தும் உறிஞ்ச வேண்டாம், தொண்டைக்குள் போய்விடும்.

நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் சரி. சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கு ஒரு அளவு உண்டு, அது விரிந்து முடிந்த பிறகும் டார்ட் குழாய்க்குள் இருந்தால் உரசல் அதைப் பிடித்து இழுக்கும். 30 சென்ரிமீற்றரில் தொடங்கி, சுட்டுப் பார்த்து, 2 சென்ரிமீற்றராக வெட்டிக்கொண்டு வாருங்கள், வேகம் ஏறி ஏறி ஒரு இடத்தில் இறங்கத் தொடங்கும், அதற்குச் சற்று முன்னம் இருந்ததுதான் உங்கள் சிலிண்டருக்குப் பொருந்திய நீளம். இறங்கத் தொடங்கிய பிறகு ஒட்டி நீட்ட முடியாது, அதனால் ஒரு துண்டைக் கூடவே வாங்கி வையுங்கள். வெட்டின விளிம்பை அரத்தாளால் வடிவாகத் தேய்க்காவிட்டால் டார்ட்டைச் சீவிவிடும்.

வேகத்தை அளக்க மெஷின் தேவையில்லை. பின்வளவில் தகரப் படலை இருந்தால் அதுவே போதும். துவக்கின் வாயில் இருந்து சரியாக 3 மீற்றர் தூரத்தில் படலை இருக்கட்டும், போனைத் துவக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு ஒலி வெட்டுகிற ஏதாவது அப்பில் திறந்தால், சுட்ட சத்தமும் தகரத்தில் பட்ட சத்தமும் ரெண்டு முள்ளாகத் தெரியும். நடுவில் 0.12 செக்கன் என்று வைப்போம். பட்ட சத்தம் திரும்பி வர 3 மீற்றருக்கு ஏறக்குறைய 0.009 செக்கன், அதைக் கழித்தால் 0.111. மூன்றை அதனால் பிரித்தால் செக்கனுக்கு 27 மீற்றர். ஐந்தாறு தரம் சுட்டுச் சராசரி எடுங்கள், காற்று வீசும் நேரத்தில் வேண்டாம். இந்தக் கணக்கு இல்லாமல் "முந்தியை விட நல்லாப் போகுது" என்று மட்டும் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

சிலிண்டரோடு புதுப் பரலைச் சேர்க்க அரல்டைட் பசை நல்லது. சூப்பர் குளூ கெதியாகப் பிடிக்கும், ஆனால் அடி விழுந்தால் கண்ணாடி போல வெடிக்கும். ரெண்டு பக்கத்தையும் அரத்தாளால் உரோஞ்சி, தூசி துடைத்து, நேராக நிற்கிறதா என்று பார்த்து, ஒரு இரவு விடுங்கள். பிறகு மூட்டைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணி தடவிப் பிளஞ்சரைத் தள்ளினால் குமிழி வரும் இடம் கசிவு.

நேர்ஃபின் பல துவக்குகளில் பரலுக்குப் பின்னால் சின்னத் தண்டு ஒன்று இருக்கும், டார்ட் இல்லாவிட்டால் காற்றை மறிப்பது அதன் வேலை. நிறையப் பேர் அதைத்தான் முதலில் பிடுங்குவார்கள். பிடுங்கினால் காற்று கொஞ்சம் தாராளமாகப் போகும், உண்மை. ஆனால் டார்ட் இல்லாமல் சும்மா அடித்தால் பிளஞ்சர் தலை நேராகப் போய்ப் பிளாஸ்ரிக்கில் மோதும், அந்தத் தண்டு அதுவரை தாங்கி வந்த மோதல் அது. பிடுங்குவதென்றால் சிலிண்டரின் முன்சுவரில் 2 மில்லிமீற்றர் ஃபோம் வட்டம் ஒன்றை, நடுவில் துவாரம் விட்டு ஒட்டுங்கள். பொடியன்கள் கையில் சும்மா அடிபடப் போகிற துவக்கென்றால் அதை இருந்தபடி விடுவதே நல்லது.

இப்போது ஸ்பிரிங்குக்கு வரலாம். கம்பித் தடிப்பில் சின்ன மாற்றமும் பெரிய வேலை செய்யும்: மற்ற அளவுகள் மாறாமல் 1 மில்லிமீற்றர் கம்பியை 1.2 ஆக்கினால் ஸ்பிரிங்கின் விறைப்பு ரெண்டு மடங்குக்கு மேலே போகும், ஏனென்றால் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கோடு கூடும். அதனால் "தடிச்சது" என்று கண்மூடி வாங்காமல் ஒரு படி மட்டும் ஏறுங்கள். தடித்த கம்பி முழுதாக நெருங்கும்போது கூட இடம் பிடிக்கும், கொளுவி பிடிப்பதற்கு முன்னமே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கலாம், அப்படியென்றால் அந்த ஸ்பிரிங் பொருந்தாது. கொளுவி வழுக்கினால் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் பேனா ஸ்பிரிங் ஒன்றை வெட்டி வையுங்கள். கொளுவியின் விளிம்பு ஏற்கெனவே மழுங்கியிருந்தால் புது ஸ்பிரிங்கே போட வேண்டாம், அது நினையாத நேரம் விடும்.

எவ்வளவு வேகம் போதும்? ஒரு கிராம் டார்ட் செக்கனுக்கு 20 மீற்றரில் 0.2 ஜூல், 40 மீற்றரில் 0.8 ஜூல். வேகம் ரெண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும் துவக்கை 20ஐத் தாண்ட விடமாட்டேன், பெரியாக்கள் எல்லாரும் கண்ணாடி போட்டு விளையாடும் இடத்தில் 30 வரைக்கும் சரி. முகத்துக்குக் குறி வைப்பது கிடையாது, டார்ட்டைத் தவிர வேறு எதையும் பரலுக்குள் போடுவதும் கிடையாது, ஆணி குத்தின டார்ட்டோடு யாராவது வந்தால் அன்றைக்கு விளையாட்டு முடிஞ்சுது.

மோட்டர் வைத்த துவக்கில் AA அளவிலேயே வரும் 3.7 வோல்ட் லித்தியம் பற்றரிகளைச் செருகி வேகம் கூட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. மோட்டர் கேட்கும் கரண்டைப் பலதால் கொடுக்க முடியாமல் சூடேறும், வேண்டாம்.

கடைசியாகப் பெயின்ற். வெளிநாட்டுக்காரர் படங்களைப் பார்த்து மாட் கறுப்பு அடிக்க ஆசை வரும். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்ய வேண்டாம், தூரத்தில் இருந்து பார்க்கிற ஆளுக்கு, அது அடுத்த வீட்டு ஆச்சியாக இருந்தாலும் றோட்டில் நிற்கிற ஆமிக்காரராக இருந்தாலும், ஃபோம் தெரியாது. செம்மஞ்சள், மஞ்சள், பச்சை என்று கத்துகிற நிறமாக அடியுங்கள், கொண்டு திரியும்போது பைக்குள் வையுங்கள். அடிக்கும்போது சிலிண்டரின் உள்பக்கத்தையும் ஓ ரிங்கையும் மூடாமல் ஸ்பிறே பிடித்தால் மேலே சொன்ன வேலை எல்லாம் வீண். வைக்கும்போது ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் விடக்கூடாது, கடற்கரைப் பக்கம் வீடென்றால் ஸ்பிரிங்குக்கும் ஸ்குறூக்களுக்கும் அதே கிறீஸை லேசாகத் தடவுங்கள், இல்லாவிட்டால் உப்புக்காற்று கறள் பிடிக்க வைத்துவிடும். டார்ட்டுகளைப் பரலுக்குள் விட்டுவைக்காமல் தளர்வாக ஒரு டப்பாவில் போடுங்கள், அமுங்கின ஃபோம் திரும்ப எழும்பாது.