1733-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பஞ்சாங்கத்தைக் கையால் கணிக்கும் முறை

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் அச்சிட்ட 1733-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முகப்பில், அது 40 பாகை அட்சரேகைக்கும் லண்டனுக்கு 5 மணி நேரம் மேற்கிலுள்ள இடத்திற்கும் கணிக்கப்பட்டது என்றும், நியூஃபவுண்ட்லாந்து முதல் தென் கரோலினா வரை பெரும் பிழையின்றிப் பயன்படும் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. இந்தக் கூற்று எந்த அளவுக்குச் சரி என்பதை, ஜூன் 10-ஆம் தேதியை எடுத்துக்கொண்டு நாமே கணித்துப் பார்க்கலாம்.

முதலில் நிலவின் வயதை, அதாவது அமாவாசையிலிருந்து கழிந்த நாட்களை, காண வேண்டும். 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை அமாவாசைகள் ஏறக்குறைய அதே தேதிகளில் திரும்பி வருவதால், ஆண்டு எண்ணுடன் 1 கூட்டி 19-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். 1734-க்கு மீதி 5. இதுவே பொன் எண். சூரிய ஆண்டு பன்னிரண்டு சந்திர மாதங்களைவிடச் சுமார் 11 நாள் நீண்டது என்பதால், பொன் எண்ணை 11-ஆல் பெருக்கி, கிடைக்கும் 55-இலிருந்து 30-ஐக் கழித்தால் வரும் 25 அந்த ஆண்டின் மிகுதி ஆகும். இதனுடன் மார்ச்சை 1 எனக் கொண்ட மாத எண்ணையும் (ஜூனுக்கு 4) தேதியையும் கூட்டினால் 39. அதில் 30 போக, நிலவின் வயது 9 நாள்.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1752 வரை ஜூலியன் நாட்காட்டியே வழங்கியதால் இந்த எளிய விதி பொருந்துகிறது. தொடக்கத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரையிலான தேதிகளை மட்டும் கணித்துப் பழகுவது நல்லது. சோதித்துப் பார்க்க விரும்புவோர் மே 2-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளலாம்: 25, 3, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 30, அதாவது அமாவாசை, ஸ்வீடனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததும் அந்த நாளில்தான். இத்தனை சிறிய கணக்கு வானத்தோடு இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நிலவு நாள்தோறும் சுமார் 48 நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருவதால், 9 நாள் வயதுக்கு 432 நிமிடம். அமாவாசையன்று நிலவு சூரியனோடு நண்பகலில் உச்சிக்கு வருவதால், நண்பகலிலிருந்து எண்ணினால் இரவு 7:12 மணி. நிலவு உச்சிக்கு வருவதற்கும் கடல் ஏற்றத்திற்கும் இடையே அந்தந்தத் துறைமுகத்திற்குரிய இடைவெளியை அதனுடன் கூட்டினால் கடல் ஏற்றத்தின் நேரம் கிடைக்கும்.

இறுதியாகச் சூரிய உதயம். ஜூன் 10 அன்றைய நாட்காட்டியில் கோடைச் சந்தி நாள், அதாவது ஆண்டின் மிக நீண்ட பகல். சூரியனின் சாய்வு, அதாவது வான நடுக்கோட்டிலிருந்து அதன் கோணத் தொலைவு, 23.5 பாகை. அட்சரேகை, சாய்வு ஆகிய இரண்டின் டேன்ஜென்ட் மதிப்புகளைப் பெருக்கினால் 0.365, அதைச் சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் 21.4 பாகை. பாகைக்கு 4 நிமிட வீதம் சுமார் 86 நிமிடத்தை 6 மணியிலிருந்து கழித்தால், காற்றின் ஒளிவிலகலைச் சேர்க்காத உதயம் 4:34. இதே கணக்கைத் தென் கரோலினாவின் 33 பாகைக்குச் செய்தால் 4:54 வருகிறது. நிலவின் வயது இரண்டு ஊர்களுக்கும் ஒன்றுதான். ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் உதய நேரத்தை நம்பித் தென் கரோலினாவில் கடிகாரத்தைத் திருத்தியவருக்கு அது 20 நிமிடம் பின்தங்கியே ஓடியிருக்கும்.