காதல் கவிதைக்குள் தத்துவம் வந்தால் எப்படி வாசிப்பது: சாசரை முன்வைத்து

இடைக்கால ஆங்கிலக் கவிதைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் பலர் ஒரே மாதிரி இடத்தில்தான் சலித்துப் போகிறார்கள். காதல் கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நாயகன் எல்லாம் விதிப்படிதானா, நமக்கென்று விருப்பம் ஏதாவது உண்டா என்று நூறு வரிக்கு மேல் புலம்ப ஆரம்பிப்பான். அந்தக் காலத்து வழக்கம் போல என்று பக்கத்தைத் தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். ஜெஃப்ரி சாசர் 1380களில் எழுதிய, கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்டிருக்கும்போது நடக்கும் காதல் கதையான 'டிராய்லஸும் கிரிசெய்டும்' உண்மையில் சூடு பிடிப்பதே அப்படிப்பட்ட இடங்களில்தான்.

முதலில், சாசர் இந்தத் தத்துவத்தைக் கடன் வாங்கும் போயிதியஸைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ரோமானியப் பிரபு. கி.பி. 524 வாக்கில், தியோடெரிக் மன்னனின் ஆட்சியில் சிறைப்பட்டு மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்தபோது 'தத்துவத்தின் ஆறுதல்' என்ற நூலை எழுதியவர். அதில் தத்துவமே ஒரு பெண்ணாக வந்து அவரோடு வாதாடுகிறாள், உரைநடையும் பாட்டும் மாறி மாறி வரும். சாசரே இதை ஆங்கில உரைநடையில் மொழிபெயர்த்திருக்கிறார். முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்றில்லை. இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பாட்டும் ஐந்தாம் புத்தகமும் போதும்.

அப்புறம் ஒரே ஒரு பழக்கம். சங்க அகப்பாடல்களில் 'யார் கூற்று' என்று முதலில் பார்ப்போம் இல்லையா, அதே கேள்வியை இங்கே தத்துவம் வரும் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள்: இதைச் சொல்வது யார், இந்த நிமிடத்தில் அவருக்கு என்ன வேண்டும்?

சாசர் கவிதையின் மூன்றாம் புத்தகத்தில் நிலமும் கடலும் அன்பின் ஆட்சியில் இருப்பதாக டிராய்லஸ் பாடுகிறான். போயிதியஸ் நூலில் இது தத்துவப் பெண் பாடும் பாட்டு, நான் மேலே சொன்ன அதே பாட்டு. இங்கே பாடுகிறவனோ, ஆசைப்பட்டவள் கைக்கு வந்த மகிழ்ச்சியில் மிதக்கிறவன். பிரபஞ்சத்தைக் கட்டிவைத்திருக்கும் அன்பும் இவனுடைய படுக்கையறை அன்பும் ஒன்றுதானா? சாசர் பதில் சொல்வதில்லை, நீங்களும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

நான்காம் புத்தகம் இன்னும் ருசியானது. கிரிசெய்டைக் கிரேக்கர்களிடம் அனுப்பிவிட்டு, பிடிபட்ட தங்கள் வீரன் அந்தேனரை மீட்பதென்று டிராய் முடிவு செய்துவிட்டது. டிராய்லஸ் கோவிலில் தனியாக உட்கார்ந்து, கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் நான் அவளை இழப்பதும் முன்பே முடிவானதுதான் என்று வாதம் கட்டுகிறான். வாதம் அப்படியே போயிதியஸிலிருந்து எடுத்தது, ஆனால் பாதிதான். மூலத்தில் கைதி இப்படிப் புலம்பியதும் தத்துவப் பெண் பதில் சொல்வாள்: கடவுள் காலத்துக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒரே நிகழ்காலமாகப் பார்க்கிறார், அப்படிப் பார்ப்பது நம்மைக் கட்டிப்போடாது. டிராய்லஸ் அந்தப் பதில் வரைக்கும் போவதே இல்லை. அதற்குள் அவன் நண்பனும் கிரிசெய்டின் மாமாவுமான பாண்டரஸ் வந்து, புத்திசாலி யாராவது இப்படி நடந்துகொள்வார்களா என்று கேட்டுவிடுகிறான். கதையின் நேரடி மூலம் பொக்காச்சியோவின் இத்தாலியக் கவிதை, அதில் இந்தப் பகுதி கிடையாது. சாசர் வேண்டுமென்றே சேர்த்து, வேண்டுமென்றே பாதியில் நிறுத்தியிருக்கிறார். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க ஒரு காரணம் தேடுகிறவனின் தத்துவம் இது என்பது என் எண்ணம்.

கிரிசெய்டை விட்டுவிடாதீர்கள். விதவை, அப்பா கால்கஸ் எதிரிப் படைக்கு ஓடிப்போனதால் ஊரில் பயந்து பயந்து வாழ்கிறவள். இரண்டாம் புத்தகத்தில் அவள் தனக்குள் யோசிக்கும் பகுதியை மெதுவாகப் படியுங்கள்: நான் எனக்கே சொந்தமான பெண், எந்தக் கணவனும் என்னிடம் 'செக்மேட்' சொல்ல முடியாது என்கிறாள். மூன்றாம் புத்தகத்தில் நிலையில்லாத இன்பம் இன்பமே இல்லை என்று போயிதியஸ் பாணியில் அவளும் பேசுகிறாள், அதுவும் மாமா பாண்டரஸ் அவிழ்த்துவிட்ட ஒரு பொய்யைக் கேட்டுவிட்டு. சூழ்ச்சிக்கு நடுவே நின்று பேசினாலும் டிராய்லஸைவிட அவள் தெளிவாகவே யோசிக்கிறாள்.

மொழி பயமுறுத்தினால் வாய்விட்டுப் படியுங்கள். சொல்லின் கடைசியில் இருக்கும் 'e' எழுத்தைப் பல இடங்களில் மெல்ல ஒலித்தால் சந்தம் தானாக வரும். நவீன ஆங்கில வடிவம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. எட்டாயிரம் வரி மலைப்பாக இருக்கிறதா, சாசரின் 'பறவைகளின் சபை'யில் தொடங்குங்கள், சுமார் 700 வரிதான். வேலன்டைன் நாளில் மூன்று ஆண் கழுகுகள் ஒரு பெண் கழுகுக்காக வாதாடுகின்றன. அவளோ ஒரு வருடம் அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

டிராய்லஸ் முடிந்ததும், சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' தொகுப்பில் வரும் 'நைட்டின் கதை'. கடைசியில் ஏதென்ஸை ஆளும் தீசியஸ் 'அன்பின் சங்கிலி' பற்றிக் கம்பீரமாகப் பேசி, எமிலிக்கும் அவளைக் காதலிக்கும் தீப்ஸ்காரன் பாலமனுக்கும் கல்யாணம் முடித்துவைப்பான். அந்தப் பேச்சில் மயங்குவதற்கு முன் இரண்டு இடங்களைக் குறித்து வையுங்கள்: எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று எமிலி கன்னித் தெய்வம் டயானாவிடம் வேண்டுவது, தீப்ஸ் நகரம் தனக்கு முழுதாகப் பணிய வேண்டும் என்பது தீசியஸ் கூட்டிய சபையிலேயே பேசப்படுவது.